அக்டோபருக்கு வைத்த சொத்தை

மாரிட் லாஹ்திக்கு அவசரமாக ஒரு சொத்தைப் பல் வேண்டியிருந்தது. தன் வாயில் இருந்தால் பயனில்லை. அடுத்தவர் வாயில், கடைவாய்ப் பக்கம், இரண்டு பற்கள் ஒன்றையொன்று தொடும் இடுக்கில் இருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் பார்த்தால் பல்லின் மேல் ஓட்டைத் தாண்டி உள்ளே சற்றே எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு நூல் கூடினாலும் ஆகாது, ஒரு நூல் குறைந்தாலும் ஆகாது. மாப்பிள்ளை வீட்டார்கூட இத்தனை நிபந்தனை போட மாட்டார்கள். பேரேரி வட்டாரப் பல் உரிம வாரியம் போட்டிருந்தது.

வாரியத்தின் முறை அப்படி. நான்கு வருஷம் கல்லூரியில் படித்திருக்கலாம். ஊரில் பாதிப் பேர் வாயில் கை வைத்து வைத்தியம் பார்த்திருக்கலாம். பக்கத்திலேயே நின்று பார்த்த ஆசிரியர்கள் அன்றாடம் மதிப்பெண் போட்டிருக்கலாம். அந்த மதிப்பெண்ணெல்லாம் செருப்போடு செருப்பாக வாரியத்தின் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை வாரியம் தேர்வு வைக்கும். தேர்வுக்கு வருகிற மாணவர் தன் பொறுப்பில் ஒரு மனிதரையும், அவர் வாயில் மேற்படி சொத்தையையும் அழைத்து வர வேண்டும். நாற்காலியும் விளக்கும் கல்லூரியுடையவை. வாரியம் தன் பங்காக முகமூடி அணிந்த மூன்று தேர்வாளர்களையும் ஒரு திரைச்சீலையையும் அனுப்பி வைக்கும்.

டுலூத் நகரத்து அந்தக் கல்லூரியில் மாரிட்டுக்கு இணையான கை கிடையாது. அவள் அடைத்த பல்லை நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு, எந்தப் பல்லை அடைத்தாய் என்று திரும்பக் கேட்டவர்கள் உண்டு. வினை அங்கேதான் இருந்தது. அவளிடம் வந்தவர்களின் சொத்தையையெல்லாம் அவள் அந்தந்த வாரமே அடைத்துத் தொலைத்திருந்தாள். கடைசி வருஷம் மார்ச் மாதம் தன் நோயாளிகளை வரிசையாக நினைத்துப் பார்த்தபோது மருந்துக்குக்கூட ஒரு சொத்தை மிச்சமில்லை.

அவள் வகுப்பில் டானர் விட்கோம் என்றொருவன். மதிப்பெண்ணில் கடைசி, ஆனால் உலகம் தெரிந்தவன். முதல் வருஷமே மூன்று பேர் வாயில் நல்ல சொத்தையாகக் கண்டு வைத்து, இப்போதைக்கு ஒன்றும் அவசரமில்லை என்று சொல்லி, காபி வாங்கிக் கொடுத்து, கண்ணுங்கருத்துமாக வளர்த்து வந்தான். அவர்கள் வாயில் மற்றபடி என்ன நடக்கிறது என்று அவன் பார்த்ததில்லை. பாடத்திட்டத்தில் இல்லாததைப் பார்த்து நேரத்தை வீணாக்குகிறவன் அல்ல அவன்.

மாரிட்டின் ஆசிரியர் டாக்டர் ஓபர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய சோர்வு அவருக்கும் இருந்தது. “ஏம்மா, எல்லாத்தையும் உடனே உடனே சரி பண்ணிட்டா வாரியத்துக்கு என்னத்தைக் காட்டுவே?” என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டு, தான் என்ன கேட்டோம் என்று புரிந்து அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

மார்ச்சில் வாரியத் தலைவர் டாக்டர் வாண்டர்மீர் கல்லூரிக்கு வந்து, தேர்வெழுதப் போகிறவர்களுக்கு வழிகாட்டும் உரை ஆற்றினார். உயரமானவர், வெள்ளை முடி, பேசுவதற்கென்றே வார்த்த குரல். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, மேடையில் அவருக்கு ஐஸ் கட்டி மிதக்கிற தண்ணீர் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வாய் குடிக்கும்போதும் தலையை வலப்பக்கம் சாய்த்தே குடித்தார். ஒருமுறை மறந்து நேராகக் குடித்தவர், இடக்கண்ணை ஒரு நொடி இறுக்கி மூடித் திறந்தார். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. மாரிட் கவனித்தாள், அவளுக்கு அது பழக்கதோஷம்.

உரை முடிந்ததும் டாக்டர் ஓபர் எழுந்தார். பல வருஷத்து மதிப்பெண்களைத் தாம் ஒப்பிட்டுப் பார்த்ததாகச் சொன்னார். கல்லூரியில் நன்றாக வைத்தியம் பார்க்கிறவர்கள் வாரியத் தேர்விலும் நன்றாகச் செய்கிறார்களா என்று தேடியதாகவும், இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று தெரிந்ததாகவும், நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் கிட்டத்தட்ட இதே முடிவு வரும் என்றும் பணிவாகத் தெரிவித்தார்.

தலைவர் புன்னகை செய்தார்.

“டாக்டர் ஓபர், நீங்க குறைன்னு சொல்றதுதான் எங்க பெருமையே. உங்க மார்க்கும் எங்க மார்க்கும் ஒத்துப்போச்சுன்னா அப்புறம் நாங்க எதுக்கு? ஒத்துப்போகலைங்கறப்பத்தான், நீங்க அளக்காத ஏதோ ஒண்ணை நாங்க அளக்கறோம்னு ஆகுது.”

அது என்ன என்று ஓபர் கேட்டார்.

“அதைத்தான் நாப்பது வருஷமா அளந்துட்டு இருக்கோம். அவசரப்படக் கூடாது. ஒருத்தர் வாழ்நாள் பூரா எப்படி வைத்தியம் பார்ப்பார்னு உங்க மார்க் சொல்லலாம். நான் இல்லைங்கல. ஆனா தேர்வு அன்னிக்கு எப்படிப் பார்ப்பார்னு எங்க தேர்வு மட்டும்தான் சொல்லும்.”

கைதட்டல் எழுந்தது. டானர் எழுந்து நின்றே தட்டினான்.

மாரிட்டுக்குத் தட்ட நேரமில்லை. அவள் ஊர் பிர்ச் ஹார்பர். ஏரிக்கரையோரம் வடக்கே போனால் வரும் சின்ன ஊர். அங்கே இருந்த ஒரே பல் வைத்தியர் ஜூனில் கடையைக் கட்டுகிறார். ஜூனுக்குள் உரிமத்தோடு வந்தால் மருத்துவமனையை அப்படியே உன்னிடம் விடுகிறேன், இல்லாவிட்டால் நாற்காலிகளைக்கூட விற்றுவிடுவேன் என்று அவர் சொல்லியிருந்தார். அப்புறம் பல் வலித்தால் ஊர்க்காரர்கள் பனியில் மணிக்கணக்காக வண்டி ஓட்ட வேண்டும், ஓட்ட மாட்டார்கள், அழுகவிட்டுப் பிடுங்கிக்கொள்வார்கள். அவள் அம்மாவே அப்படித்தான் முன்பல் இரண்டை இழந்தாள். அடுத்த தேர்வு அக்டோபரில். அதற்குள் பிர்ச் ஹார்பரில் ஒரு ஊசிகூட மிஞ்சாது.

ஆகவே மாரிட் சொத்தை தேடிப் புறப்பட்டாள். தேவாலயத்துக் கஞ்சி விருந்தில் ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். ஐஸ் ஹாக்கி அரங்கில் ஊரே பந்தயத்தைப் பார்த்தபோது அவள் பாப்கார்ன் மெல்கிறவர்களைப் பார்த்தாள். நூலகக்காரி ஒருத்தி அகப்பட்டாள். சொத்தை கொஞ்சம் பெரிது, தேர்வுக்கு ஆகாது. ஆகாதென்று அனுப்பிவிடலாமா? மாரிட்டால் முடியவில்லை, அன்றே அடைத்தாள். பீட்சா கடைக்காரர் ஒருவர் வந்தார், அது சிறிது. சிறிது என்று விட்டால் பெரிதாகுமே என்று பல்லுக்கு மருந்து பூசி, விலக்க வேண்டிய தின்பண்டங்களையும் சொல்லி அனுப்பினாள். அவள் தேடத் தேட ஊரில் பற்கள் நலமடைந்துகொண்டே போயின. கல்லூரி மதிப்பெண் ஏறியது. தேர்வுக்கான வாய்ப்பு இறங்கியது. டாக்டர் ஓபர் தமது ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது என்று வருத்தத்தோடு சொன்னார்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில், வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தில் டெல்மர் ஸ்டாக்கி அகப்பட்டார். நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர், ஆறடி உடம்பு, தாடியில் எப்போதும் கொஞ்சம் பனி. மீனை வலப்பக்கமே போட்டு மென்றுகொண்டிருந்தார். மாரிட் போய் எதிரில் உட்கார்ந்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டால் இடப்பக்கம் கூசுகிறதா என்று கேட்டாள். டெல்மர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். தன் மனைவிக்குக்கூட அதைத் தான் சொன்னதில்லை என்றார்.

எக்ஸ்ரேயில் அந்தச் சொத்தை விதிப்புத்தகத்தில் வரைந்து வைத்த படம் மாதிரியே இருந்தது. ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்ல மாரிட்டுக்கு நாக்குக் கூசியது. சொன்னாள். பொறுப்பதாக வாக்குக் கொடுத்தார் டெல்மர்.

தேர்வன்று ஏப்ரல் என்றும் பாராமல் முழங்கால் பனி. டெல்மர் பனி தள்ளும் வண்டியிலேயே வந்து, கல்லூரி வாசலைச் சுத்தம் செய்துவிட்டு உள்ளே நுழைந்தார். நடைகூடம் சந்தையாக இருந்தது. ஒரு மாணவனின் நோயாளி, இரண்டாவது தட்டு பான்கேக் வராமல் வாயைத் திறக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். நோயாளி வராமலே போன பெண்ணொருத்தி சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். நல்ல கோட்டு போட்ட ஒருவர் சொத்தையுள்ள இரண்டு பேரைக் கூடவே அழைத்து வந்து, எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று விலை பேசிக்கொண்டிருந்தார். யாரோ ஒருவன் டெல்மரின் தோளில் கைபோட்டு, ஹாக்கிக்கு முன்வரிசை டிக்கெட் இருக்கிறது, என் நாற்காலிக்கு வந்துவிடுங்கள் என்று குசுகுசுத்தான். டெல்மர் அவனை ஒரு பார்வை பார்த்தார். “நான் இந்தப் பொண்ணோட வந்திருக்கேன் தம்பி” என்றார், நடனத்துக்குக் கூப்பிட்டவனிடம் சொல்வதுபோல.

தேர்வாளர்கள் மாணவரைப் பார்க்கக் கூடாது, மாணவர் தேர்வாளரைப் பார்க்கக் கூடாது. சிபாரிசுக்கு இடம் வந்துவிடும். பல்லை மட்டும் திரைக்குப் பின்னால் அனுப்ப வேண்டும். பல் தனியாகப் போக முடியாததால் டெல்மரும் கூடப் போனார். வைத்தியம் தொடங்குமுன் சொத்தை தகுதியானதுதானா என்று மூவரும் தனித்தனியே தீர்மானிக்க வேண்டும். முதலாமவர் சிறிது என்றார். இரண்டாமவர் பெரிது என்றார். மூன்றாமவர் சரியான அளவு என்றார். மூன்று கருத்தும் ஒத்துப்போகாததால் மேற்பார்வையாளர் விதியைப் புரட்டி, முதலாவதாகச் சொன்னதே செல்லும் என்று முடிவு செய்தார். சீட்டு வந்தது: இந்தப் பல் இன்னும் போதிய அளவு கெடவில்லை. அக்டோபருக்குள் பக்குவமாகும். அதுவரை எவரும் தொடாமல் வைத்திருந்து மறுபடி கொண்டுவரவும்.

டெல்மர் சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தார்.

“அக்டோபர் வரைக்கும் வெச்சிருக்க இதென்ன ஊறுகாயா, டாக்டரம்மா?”

பக்கத்து நாற்காலியில் டானர் வேலையை முடித்துக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். மூன்று வருஷம் வளர்த்த சொத்தை ஒரே தடவையில் தேறியிருந்தது. அவனுக்கு அன்று தொண்ணூற்று நான்கு மதிப்பெண். அவனுடைய நோயாளி கன்னத்தைப் பிடித்தபடி, வலிக்கிறது இந்தப் பல் இல்லையே, அந்தப் பக்கம்தானே என்றார். அது தேர்வில் இல்லை என்று டானர் அன்பாக விளக்கினான்.

மாரிட் சீட்டைப் பார்த்தாள். டெல்மரைப் பார்த்தாள். ஜூன் மாதம் கண்முன்னே பூட்டிக்கொண்டு போவது தெரிந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள், வந்தது கோபம். டாக்டர் ஓபரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு, இந்த நாற்காலி யாருடையது என்று கேட்டாள். கல்லூரியுடையது என்றார் ஓபர். அப்படியானால் இவர் இனிமேல் கல்லூரியின் நோயாளி, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள் என்று சொல்லி, மரத்துப்போகச் செய்கிற ஊசியைக் கையில் எடுத்தாள்.

மேற்பார்வையாளர் ஓடி வந்து, நிராகரித்த பல்லைத் தொடுவது குற்றம் என்றார்.

“தேர்வுக்குத்தான் இது லாயக்கில்லைன்னீங்க” என்றாள் மாரிட். “வைத்தியத்துக்கு லாயக்குதான். தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கறீங்க.”

டாக்டர் ஓபர் வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையும் கேட்காமல் நிமிர்ந்து நின்றார். அவள் அடைத்து முடித்ததும் கல்லூரிக் கணக்கில் அவர் முழு மதிப்பெண் போட்டார். வாரியத் தேர்வாளர்கள் திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஆனால் அவர்களின் விதிப்படி அங்கே பல்லே இல்லாததால் எதையும் பார்க்கவில்லை.

மே மாதம் விசாரணை வைத்தார்கள். ஓட்டல் ஒன்றின் மாடி அறை, நீண்ட மேஜை, நடுவில் டாக்டர் வாண்டர்மீர், இருபுறமும் பல் வைத்தியர்களான உறுப்பினர்கள். பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால், மேஜையின் ஓரத்தில் நைகார்ட் அம்மாள். ரொட்டிக்கடை நடத்தியவர். உறுப்பினரான நாளிலிருந்து கூட்டத்தில் கம்பளி பின்னுவதைத் தவிர அவர் எதுவும் செய்ததில்லை என்பதால் வாரியம் அவரை மிகவும் மதித்தது.

மாரிட் மேல் குற்றச்சாட்டு: அக்டோபர் தேர்வுக்கு உரிய சொத்தையை அழித்தது. தலைவர் அரைமணி நேரம் பேசினார். வாரியத்திடம் ஒருமுறை காட்டிய சொத்தை வாரியத்துக்குப் பாத்தியப்பட்டது என்றார். ஆளாளுக்கு வலிக்கிறது என்று அடைத்துக்கொண்டே போனால் வருங்காலத்தில் தேர்வு நடத்துவது எப்படி, தேர்வு இல்லாமல் மக்களின் பற்களைக் காப்பது எப்படி என்று கேட்டார். சாட்சியாக வந்த டெல்மர், காப்பாற்றிய பல் இதோ இருக்கிறது என்று வாயைத் திறந்தார். மூடும்படி உத்தரவாயிற்று.

தலைவர் தண்ணீர் குடித்தார். இப்போது தலையைச் சாய்த்தும் பயனில்லை. ஐஸ் கட்டி இடப்பக்கம் பட்டதும் மறுகையால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“நாங்க ஒண்ணும் கல்நெஞ்சுக்காரங்க இல்ல” என்றார், மூச்சு சீரானதும். “மன்னிப்புக் கேட்டுடு. அக்டோபருக்கு விதிப்படி ஒரு சொத்தையை, யாரும் தொடாம, பத்திரமா வெச்சிருந்து கொண்டு வா. யார் வாயில இருந்தாலும் சரி. எங்களுக்கு ஆள் முக்கியமில்ல.”

மாரிட் எழுந்தாள். மன்னிப்புக் கேட்டுவிட்டால் அடுத்த வருஷமாவது எங்காவது பிழைத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தெரியும். பிர்ச் ஹார்பர் போனது போனதுதான் என்பதும் தெரியும். போனதற்கு அப்புறம் பயம் எதற்கு என்று தோன்றியது.

“மன்னிப்புக் கேக்க மாட்டேன். நான் பண்ணினது தப்பில்ல. ஆனா சொத்தை கொண்டு வர்றேன். ஆளைக்கூடப் பாத்து வெச்சுட்டேன்” என்றாள். “நீங்கதான் சார்.”

பின்னல் ஊசிகள் நின்றன.

“இடப்பக்கம் மேல, கடைவாய்க்கு முந்தின பல். மார்ச்சுல ஐஸ் தண்ணி பட்டா கண்ணை மூடித் திறந்தீங்க, அவ்வளவுதான். இப்ப மேஜையைப் பிடிச்சுக்கறீங்க. நல்லா வளர்ந்துட்டு வருது. விதிப்படி அக்டோபர் வரைக்கும் யாரையும் தொட விடாதீங்க. வாரியத்துக்கிட்ட காட்டியாச்சு, அது இனி உங்களுதில்ல.”

“என்ன பேச்சு இது?” தலைவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். “சொத்தைப் பல்லை அக்டோபர் வரைக்கும் அப்படியே வெச்சுக்க நான் என்ன பைத்தியமா? வேருக்குப் போயிடும். பல்லே போயிடும். சொத்தைன்னு தெரிஞ்சப்புறம் ஒரு நாள் வெச்சிருந்தாலும் அது அயோக்கியத்தனம். எந்த மடையன்...”

அங்கே நிறுத்தினார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பல்வலியைப் பற்றியும் யாராவது சொல்லி வைத்திருக்கலாம்.

“அதைத் திருப்பிப் படிங்க” என்றார் நைகார்ட் அம்மாள்.

அவருக்குக் குரல் இருப்பது அன்றுதான் வாரியத்துக்குத் தெரிந்தது. குறிப்பெடுக்கும் எழுத்தர், தலைவர் சொன்னதை ஏற்ற இறக்கம் இல்லாமல், அயோக்கியத்தனம் வரைக்கும், அப்புறம் மடையன் வரைக்கும் படித்துவிட்டு உட்கார்ந்தார்.

தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, விஷயம் ஆழமானது, இந்தப் பெண்ணின் வழக்கை அக்டோபர் கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாம் என்றார். உறுப்பினர்கள் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். ஒத்திவைப்பது அவர்கள் நன்கு அறிந்த வைத்தியம்.

“ஒத்திவைங்க, எனக்கென்ன” என்றார் நைகார்ட் அம்மாள், நூலைச் சுற்றியபடி. “ஆனா நான் ஒரு திருத்தம் சொல்றேன். வழக்கு முடியறவரைக்கும் தலைவரோட பல்லும் தேர்வுப் பொருள். யாரும் கை வைக்கக் கூடாது. அதையும் சேர்த்து ஓட்டுக்கு விடுங்க.”

திருத்தத்தை ஓட்டுக்கு விடாமலிருக்க விதியில் வழி தேடினார்கள். விதிகளை அவர்களே ஓட்டையில்லாமல் எழுதியிருந்தார்கள். திருத்தத்தைத் தோற்கடித்தாலோ, காட்டிய சொத்தை வாரியத்துடையது என்ற தலைவரின் வாதமும் கூடவே தோற்கும். ஒத்திவைத்தால் பல் போகும். பல் பிழைக்க வேண்டுமானால் வழக்கை இப்போதே முடிக்க வேண்டும். டாக்டர் வாண்டர்மீர் ஐஸ் தண்ணீரை எட்டத் தள்ளி வைத்தார். பிறகு, வழக்கை இன்றே முடிக்கலாம் என்று உயர்ந்த முதல் கை அவருடையதாக இருந்தது.

டெல்மரை மறுபடி கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னார்கள். ஏப்ரலில் அடைத்ததையே தேர்வாக எடுத்துக்கொண்டு உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கண்ணாடியும் விளக்குமாக எட்டிப் பார்த்தார்கள். அடைத்த விளிம்பு எங்கே என்று கூர்முனையால் தடவித் தேடினார்கள். கடைசியில் ஒருவர் தயங்கி, எந்தப் பல் என்று டெல்மரையே கேட்டார். டெல்மர் விரலை விட்டுக் காட்டினார். மாரிட் லாஹ்திக்கு உரிமம் வழங்குவதென்றும், இதனால் வாரியத்தின் மரபில் எந்த மாற்றமும் இல்லையென்றும் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. ஜூன் பிறக்க இன்னும் நாள் இருந்தது, பிர்ச் ஹார்பர் நாற்காலிகள் தப்பின.

நடைகூடத்தில் தலைவர் டாக்டர் ஓபரை ஒரு தூண் மறைவுக்கு அழைத்துப் போனார். அப்போதே கன்னம் லேசாக வீங்கியிருந்தது. தம்முடைய வைத்தியர் ஃப்ளோரிடாவுக்குப் போயிருப்பதாகவும், அவசரமென்றும், இந்த ஊரில் நல்ல கை யாருடையது என்றும் தணிந்த குரலில் கேட்டார்.

“இந்த வருஷம் உங்க தேர்வுல முதல் மார்க்கு டானர் விட்கோம்” என்றார் ஓபர். “தொண்ணூத்து நாலு. போன் போடட்டுமா?”

டாக்டர் வாண்டர்மீர் நடைகூடத்தின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

“உங்க மார்க்குல யாருன்னு சொல்லுய்யா.”

ஓபர் கூடத்தின் கோடியில் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவளைக் கையால் காட்டினார்.

மாரிட் அதைப் பார்த்தாள். அக்டோபரில் வாருங்கள் என்று சொல்லிவிடலாம், சொன்னால் தகும். டெல்மர்கூட அதைத்தான் எதிர்பார்த்து அவள் பக்கத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். ஆனால் வீங்கிய கன்னத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக அவள் எந்தத் தேர்விலும் கற்கவில்லை. போட்ட பொத்தான்களைக் கழற்றினாள்.

கல்லூரியில் நாற்காலி சாய்ந்தது, விளக்கு எரிந்தது. டாக்டர் வாண்டர்மீர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “வாரியத்தோட சார்பில நான் ஒண்ணு தெளிவுபடுத்த விரும்பறேன்” என்று ஆரம்பித்தார்.

“வாயைத் திறங்க” என்றாள் மாரிட். “பேசாதீங்க.”

தலைவர் வாயைத் திறந்தார், பேசவில்லை.